தூளியில் நான், கோணியில் ராகி: வத்தல்மலையில் ஒரு ராத்திரி

வெள்ளி இரவு, ஓசூர்

பரணிலிருந்து பையை இறக்கியதுமே ராகி அதன் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தள்ளிவிட்டால் மறுபடி ஏறுகிறது. போன தடவை இதே பையோடு கிளம்பியபோது அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. "இந்தத் தடவை உனக்கும் சேர்த்துத்தான் கட்டுறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். நம்புகிற மாதிரி தெரியவில்லை.

ராகி எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். மூன்று வயது, பதினான்கு கிலோ. குட்டியாக இருந்தபோது அச்சு அசல் கேழ்வரகு நிறம், அதனால் அந்தப் பெயர். நாளைக்கு நாங்கள் இரண்டு பேரும் வத்தல்மலைக்குப் போகிறோம். தர்மபுரிக்குப் பக்கத்திலேயே இருக்கிற மலை. என்னோடு வேலை பார்க்கும் நண்பரின் சித்தப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து நடந்தே ஏறி, அந்தத் தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு நடுவே ஹாம்மாக் (தூளி மாதிரி தொங்கும் துணிப் படுக்கை) கட்டி, ஒரு ராத்திரி படுத்துவிட்டு இறங்குவதாகத் திட்டம்.

காட்டுக்குள்ளேயே படுக்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். முடியாது. மலையைச் சுற்றி இருப்பது காப்புக்காடு. 2018-ல் குரங்கணித் தீ விபத்து நடந்த பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன; வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போகக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் நாயைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மனசு வராது. அதே 2018-ல்தான் குஜராத்தின் கிர் காட்டில் வரிசையாகச் சிங்கங்கள் செத்தன. சோதித்துப் பார்த்தபோது சிலவற்றில் கேனைன் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது. ஊர் நாய்களுக்குச் சாதாரணமாக வருகிற நோய் அது. ராகிக்கு அந்தத் தடுப்பூசியும் வெறிநோய் ஊசியும் போட்டாயிற்று. ஆனாலும் காட்டுக்குள் அதற்கு என்ன வேலை? தார் ரோட்டில் நடக்கிறோம், பட்டா நிலத்தில் படுக்கிறோம், அவ்வளவுதான்.

பையின் பாதி எடை ராகியுடையது. முக்கியமாகத் தண்ணீர். நாய்க்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஐம்பது அறுபது மில்லி என்பது வீட்டில் சும்மா இருக்கும்போது. மலை ஏறும்போது அது போதாது. நம்மைப் போல அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்து இரைத்துத்தான் சூட்டை இறக்கும், இரைக்க இரைக்கத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு மட்டும் இரண்டு லிட்டர் எடுத்துக்கொண்டேன். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை, மூன்று மீட்டர் கயிறு, பழைய கோணி ஒன்று, உண்ணி பிடுங்கச் சின்ன இடுக்கி. அவித்த முட்டை ஆறு, ஆளுக்கு மூன்று.

ஹாம்மாக்கை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பார்த்தார். "எழுபத்திரெண்டு கிலோவுக்குத் தூளி எதுக்குடா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சனி, இரவு ஒன்பது மணி, வத்தல்மலை

முதலில் வருத்தமான செய்தி. ராகி காரில் இரண்டு தடவை வாந்தி எடுத்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும் ஒன்று, தர்மபுரிக்குள் நுழையும்போது ஒன்று. கிளம்பும் முன் பாசமாகத் தயிர்சாதம் வைத்த புத்திசாலி நான்தான். நாயைக் காரில் தூரமாகக் கூட்டிப் போகிறவர்கள் வெறும் வயிற்றில் கூட்டிப் போங்கள்.

அடிவாரத்தில் ஒரு டீக்கடை ஓரமாகக் காரை நிறுத்தினேன். கடைக்காரர் காசு வாங்கவில்லை. ராகிக்கு ஒரு பொறை மட்டும் போட்டார். ஏழரைக்கு ஏற ஆரம்பித்தோம். தை மாத வெயில்தானே என்று நினைத்தால், ஒன்பதரைக்கே தார் சுட ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் புறங்கையை ரோட்டில் வைத்துப் பார்த்தேன். ஐந்தாறு விநாடி கையை வைக்க முடியவில்லை என்றால் நாயின் காலும் அதில் வெந்துபோகும். அப்புறம் ஓரத்து மண்ணிலேயே நடந்தோம். வளைவுகளில் தடுப்புச்சுவர் மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ராகி ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது. பைக்கில் போன மூன்று பேர் நிறுத்தி, "நாயைப் போய் நடத்திக் கூட்டிட்டுப் போறீங்களே, வண்டியில உக்கார வைங்க" என்றார்கள். என்னை உட்காரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை.

முதல் ஊருக்குள் நுழைந்ததும் ஐந்து நாய்கள். இந்த இடத்தில்தான் எனக்குப் பயம் இருந்தது. கயிற்றை இழுத்துப் பிடிக்கவே கூடாது. இழுத்தால் நம் நாயின் தலை நிமிரும், நெஞ்சு விறைக்கும், எதிரே நிற்கிற நாய்க்கு அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி தெரியும். கயிற்றைத் தொய்யவிட்டு, திரும்பாமல் பக்கவாட்டில் மெதுவாக நடந்தேன். மோந்து பார்த்தார்கள், மோந்து காட்டினாள், முடிந்தது. ஊர் எல்லை வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பிப் போனார்கள். (என்னை அறியாமலேயே ராகிக்கு அவள் என்று எழுதிவிட்டேன். பெண் நாய்தான், இருக்கட்டும்.)

தோட்டத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. நண்பரின் சித்தப்பா காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. நாய் பேரு என்னங்க?"

"ராகிங்க பாட்டி."

பாட்டி முறத்தைக் கீழே வைத்தார். "திங்கிற தானியத்து பேரா? நாய்க்கா?" உள்ளே இருந்த மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னார், பக்கத்துக் களத்தில் இருந்த பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னார். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் எல்லாம் "களி, களி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சாயங்காலத்துக்குள் ராகி அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கவும் ஆரம்பித்துவிட்டது. மூன்று வருடம் பழக்கிய பெயர்.

ஒரு பயமும் நடந்தது. களத்தில் காப்பிப் பழத்தைக் காயப் போட்டிருந்தார்கள். சிவந்த பழத்தின் தோல் இனிப்பாக இருக்கும். நானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தால் ராகியும் மென்றுகொண்டிருக்கிறது. வறுக்காத கொட்டையிலும் காஃபீன் உண்டு, நாய்க்கு ஆகாது. அதிகமானால் நெஞ்சு படபடக்கும், நடுக்கம் வரும், வலிப்பு வரைக்கும் போகலாம். வாயைப் பிளந்து விரலை விட்டு நான்கு கொட்டைகளை எடுத்தேன். எத்தனை உள்ளே போனது என்று தெரியாது. "எங்க நாய்ங்க இதுக்குள்ளதான் புரளுது, ஒண்ணும் ஆவல" என்றார் சித்தப்பா. எனக்கு அது போதவில்லை. இரண்டு மணி நேரம் ராகியின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை, தூங்கிவிட்டது.

மரம் தேடுவதில்தான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. தோட்டம் முழுக்க நெட்டுக்குத்தாக சில்வர் ஓக் மரங்கள். காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதற்காக நட்டவை. பார்த்ததும் ஹாம்மாக்குக்கென்றே வளர்த்த மாதிரி இருந்தது. கிட்டே போனால் ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி. தரையிலிருந்து என் தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் வரைக்கும் மரத்தை அப்படியே போர்த்திக்கொண்டு, பச்சைச் சரங்கள் தொங்குகின்றன. ஹாம்மாக்கைக் கட்டும் நாடாப் பட்டையைச் சுற்றினால் கொடி நசுங்கிவிடும். அறுவடை நேரத்தில் ஒரு கொடியைக் கெடுத்தால் ஒரு வருடப் பணம் போனது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் ஒவ்வொரு மரமாகத் தொடும்போது அவர் பழம் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் கொடி ஏற்றாத ஒரு ஓக்கும், நாலரை மீட்டர் தள்ளி ஒரு வயசான பலா மரமும் கிடைத்தன. மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று இரண்டையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். ராத்திரி தலையில் விழுவது அதுதான்.

கட்டும்போது பலரும் செய்கிற தப்பு, கயிற்றுக்கட்டில் மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுவது. பட்டை தரைமட்டத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வில் ஏற வேண்டும். அப்படி இருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் விழும் இழுவை கிட்டத்தட்ட என் எடை, எழுபத்திரண்டு கிலோ. அதையே பதினைந்து டிகிரிக்கு விறைப்பாக்கினால் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும், நூற்று நாற்பது கிலோ. தையலும் தாங்காது, மரப்பட்டையும் தாங்காது. பட்டை அகலமாக இருக்க வேண்டும். நைலான் கயிற்றை நேரடியாகக் கட்டினால் மரத்தை அறுத்துவிடும். உட்காரும்போது துணி நாற்காலி உயரத்துக்கு இறங்கினால் சரி, ஒன்றரை அடி.

பாட்டி வந்து தொய்வை அழுத்திப் பார்த்தார். தலையாட்டினார். "நாலு புள்ளைங்களை இந்தக் காட்டுலதான் தூளி கட்டிப் போட்டுட்டு களை எடுத்தேன். தூளியில குளிரு கீழ இருந்துதான் ஏறும் தம்பி. இந்தா, இதைப் போட்டுக்க" என்று சாமை வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றைக் கொடுத்தார். என் தூக்கப்பை ஐந்து டிகிரி குளிர் வரைக்கும் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. வேண்டாம் பாட்டி, என்கிட்ட இருக்கு என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு ராகிக்களி, அவரைக்கொட்டைக் குழம்பு. உருண்டையை விரலால் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் விழுங்க வேண்டும். எனக்கு அது வராது, மெல்லுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். ராகிக்குக் குழம்பு கிடையாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. வெறும் களியும் முட்டையும். மெல்லாமல் விழுங்கியது. ஊர்க்காரர்கள் மெச்சினார்கள்.

இப்போது தூளியில் மூலைவாட்டாகப் படுத்திருக்கிறேன். நேராகப் படுத்தால் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளையும். ராகி எனக்கு நேர் கீழே கோணியில். கயிற்றை ஹாம்மாக் பட்டையில் கட்டியிருக்கிறேன். சிறுத்தை நடமாடுகிற மலையோரங்களில் முதலில் காணாமல் போவது நாய்தான், அதனால் அது என் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஆறாமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், உச்சியில் நிற்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது.

ஞாயிறு, காலை ஏழு மணி

எல்லாம் சரியாக இருக்கவில்லை.

பதினொன்றரைக்கு முதுகு சில்லிட்டது. கடிகாரம் பதிமூன்று டிகிரி காட்டியது. ஐந்து டிகிரி தாங்கும் பைக்கு அது ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பையில் சூடு காப்பது பஞ்சுக்கு நடுவே இருக்கும் காற்று. நான் படுத்ததும் முதுகுக்குக் கீழே பஞ்சு நசுங்கி, காற்றெல்லாம் வெளியே போய், காகிதம் மாதிரி ஆகிவிட்டது. அதற்கும் கீழே தரை இல்லை, ஓடிக்கொண்டிருக்கிற காற்று. இதற்கென்றே ஹாம்மாக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் மெத்தை விற்கிறார்கள், அங்கே பஞ்சு நசுங்காது. நான் வாங்கவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தரையையே துளைக்கிற பனிக்கு மெல்லிய நைலான் துணி எம்மாத்திரம்? பாட்டி கொடுத்த வைக்கோல் சாக்கு திண்ணையில் கிடந்தது. பத்து அடி தூரம். வெட்கப்பட்டுக்கொண்டு எழவில்லை.

ராகியும் தூங்கவில்லை. வீட்டில் அது என் பாயின் ஓரத்தில் படுக்கும். என் கால் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் தலை. இங்கே நான் அந்தரத்தில். எழுந்து துணியை மூக்கால் முட்டும், கோணியில் மூன்று சுற்று சுற்றும், படுக்கும், மறுபடி எழும். கையைத் தொங்கப்போட்டேன். விரலை ஒருமுறை நக்கிவிட்டுக் கொஞ்சம் அடங்கியது. கையை உள்ளே இழுத்தால் மறுபடி முட்டல். அப்படியே ஒரு கை வெளியே, உடம்பு உள்ளே என்று விறைத்துக் கிடந்தேன்.

ஒன்றரை மணிக்குப் பலா மரத்தில் சரசரவென்று சத்தம். தலைவிளக்கைப் போட்டால் கிளையில் இரண்டு கண்கள். நீள வால், சாம்பல் உடம்பு. மரநாய். காப்பிப் பழம் தின்ன மரம் மரமாக வரும் என்று சித்தப்பா சாயங்காலமே சொல்லியிருந்தார். எனக்கு அதைப் பார்த்ததில் சந்தோஷம். ராகிக்கு வேறு அபிப்பிராயம். குலை நடுங்குகிற மாதிரி ஒரு குரைப்பு, ஒரே பாய்ச்சல். கயிறு கட்டியிருந்தது ஹாம்மாக் பட்டையில் என்று சொன்னேன் அல்லவா? மூன்று மீட்டர் ஓடி அது நின்றதும் தூளி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் தூக்கப்பையோடு புடலங்காய் மாதிரி உருண்டு கீழே விழுந்தேன். ஒன்றரை அடி உயரம், கீழே சருகு மெத்தை, அதனால் ஒன்றும் முறியவில்லை. எழுவதற்குள் ராகி திரும்பி ஓடிவந்து என் நெஞ்சில் ஏறி, அப்புறம் காலியான தூளிக்குள் ஒரு காலை வைத்து, நகத்தால் ஒரு கிழி. கட்டைவிரல் போகிற ஓட்டை.

மரநாய் எங்களை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. ராகி அடுத்த முக்கால் மணி நேரம் வெறும் மரத்தைப் பார்த்துக் குரைத்தது. பக்கத்து மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று செத்த வீரனுடைய நாய்க்கும் அதில் இடம் கொடுத்து, கோவிவன் என்று பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ராகிக்கு யாராவது கல் நட்டால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துக்கொண்டே சருகில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரைக்குத் திண்ணைக்குப் போய் வைக்கோல் சாக்கை எடுத்து வந்தேன். தூளியில் போடவில்லை. பலா மரத்தடியில் விரித்து, அதன் மேல் ராகியின் கோணியை விரித்து, தூக்கப்பையைப் பிரித்துப் போர்வையாக்கி, இரண்டு பேரும் படுத்தோம். சாமை வைக்கோலுக்கு ஒரு புழுதி வாசம் உண்டு, கூடவே ஈர நாய் வாசம். பனித்துளி சருகில் விழுந்து சொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் எதுவும் ஞாபகம் இல்லை.

ஆறரைக்குக் கண் விழித்தால் பாட்டி காப்பி டம்ளரோடு நிற்கிறார். ஒரு பக்கம் காலித் தூளி ஆடிக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் சாக்கின் மேல் நாங்கள். ஒன்றும் கேட்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, "களி நல்லா தூங்குச்சா?" என்றார்.

ஞாயிறு இரவு, ஓசூர்

இறங்கியதில் சொல்ல அதிகம் இல்லை. ஏழேமுக்காலுக்கே கிளம்பிவிட்டதால் தார் சுடவில்லை. இறக்கத்தில் ராகி முன்னால் இழுக்க, என் முழங்கால்தான் கெஞ்சியது. நேற்று வழியனுப்பிய ஐந்து நாய்களில் மூன்று வந்தன, இரண்டுக்கு வேறு வேலை இருந்திருக்கும். சித்தப்பா அரைக்கிலோ காப்பிக்கொட்டை கொடுத்தார், காசு வாங்கமாட்டேன் என்றார். காசைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் ராகிக்கு இன்னொரு பொறை போட்டார். நான் தின்ன விடவில்லை. வெறும் வயிற்றில் ஓசூர் வரைக்கும் வாந்தி இல்லை.

செவ்வாய்

உண்ணி ஐந்து. காதுமடலுக்குப் பின்னால் மூன்று, கால்விரல் இடுக்கில் இரண்டு. தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். அப்போது அது உள்ளே இருப்பதைக் கடித்த இடத்திலேயே கக்கிவிடும். தோலோடு ஒட்டி இடுக்கியால் பிடித்து, முறுக்காமல், நேராக இழுக்க வேண்டும். திரும்பி வந்த அன்றைக்கு ஒரு தடவை பார்த்தால் போதாது. முதல் நாள் இரண்டுதான் கிடைத்தன. ரத்தம் குடித்து உப்பிய பிறகு மற்ற மூன்றும் தட்டுப்பட்டன.

ஓட்டையை அம்மா பழைய குடைத்துணி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார். அடுத்த தடவை ராகியின் கயிறு தனி மரத்தில். அடியில் தொங்கவிடும் மெத்தையின் விலையைப் பார்த்தேன். வைக்கோலே போதும்.

இன்று நண்பர் ஊருக்குப் போன் போட்டிருந்தார். மரநாய் நேற்று ராத்திரியும் அதே பலா மரத்துக்கு வந்ததாம். பாட்டி களியைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாராம். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.